மொரிஷியஸில் ஹோட்டல் பஃபேயைத் தாண்டி என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?

திருப்பூர்க்காரி

வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு மொரிஷியஸ் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கூடவே என் மாமியார். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடச் சேர்க்க மாட்டார், ஆனால் ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பலகாரத்தைத் தின்று பார்க்காமல் திரும்பக்கூடாது என்பதில் எங்கள் எல்லாரையும்விட அவர்தான் உறுதி. நானும் கணவரும் மீன், கறி எல்லாம் சாப்பிடுவோம். பெரியவள் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், சின்னவனுக்குக் காரம் ஆகாது.

டூர்க்காரர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் காலையும் இரவும் ஹோட்டலிலேயே பஃபே. மதியத்துக்கு நாலைந்து வட இந்திய உணவகங்களின் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பன்னீர் பட்டர் மசாலா சாப்பிடவா இத்தனை தூரம் கடல் தாண்டிப் போகிறோம் என்று மாமியார் கேட்கிறார், எனக்கும் அதேதான் தோன்றுகிறது.

அந்தத் தீவு மக்கள் வீட்டில், தெருவில், சந்தையில் என்ன சாப்பிடுகிறார்கள்? எந்த நேரத்துக்கு எங்கே போனால் கிடைக்கும்? சைவக்காரர்கள் எதைத் தைரியமாகச் சாப்பிடலாம், எதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்? குடிக்க என்ன இருக்கிறது? தங்குவது வடக்கே கிராண்ட் பே பக்கம். கார் வாடகைக்கு எடுக்கிறோம், அதனால் கொஞ்சம் தூரம் போவதற்குத் தயங்க மாட்டோம். போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் விவரமாகச் சொல்லுங்கள்.

எபேன் பழைய ஆள்

நான் அங்கே எபேனில் வேலை பார்த்தவன். மதியச் சாப்பாடு உங்கள் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அந்த ஊரின் தெருச் சாப்பாடு பகல் சாப்பாடு. காலையில் கடை போடுவார்கள், கொண்டுவந்தது தீர்ந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குள் போய் நின்றால் சூடாகக் கிடைக்கும், பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் பாதிக் கடைகள் இருக்காது. தீவு வடக்கிலிருந்து தெற்காகவே சுமார் 65 கிலோமீட்டர்தான், நீங்கள் எங்கே தங்கினாலும் எல்லா இடமும் போகலாம்.

முதலில் தால் பூரி. பேரைப் பார்த்து எண்ணெயில் பொரித்தது என்று நினைக்காதீர்கள். மஞ்சள் பருப்பைக் குழையவிடாமல் வேகவைத்து, பூப்போல அரைத்து, மஞ்சளும் சீரகமும் சேர்த்து, மைதா உருண்டைக்குள் அடைத்து, கிழியாமல் மெல்லியதாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுப்பது. பருப்பு வெந்த தண்ணீரைக் கொட்டிவிட மாட்டார்கள், அதையே ஊற்றித்தான் மாவு பிசைவார்கள், அந்த மிருதுவும் நிறமும் அதிலிருந்து வருவதுதான். எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் விற்பனை. கடைக்காரர் துணி போட்டு மூடிய பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு ஜோடியை எடுத்து, உள்ளங்கையிலேயே விரித்து, மேலே குரோ ப்வா என்கிற பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பு ஒரு கரண்டி, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு ஒரு கரண்டி, கொத்தமல்லிச் சட்னி கொஞ்சம் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். மிளகாய் வேண்டுமா என்று கேட்கிறார் என்று அர்த்தம். சின்னவனுக்கு வாங்கும்போது "பா மெத் பிமாங்" என்று சொல்லிவிடுங்கள், மிளகாய் போடாமல் தருவார்கள். அப்படியே சுருட்டித் தாளில் மடித்துக் கையில் கொடுப்பார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். ரோஸ் ஹில்லில் தேவா கடை இதற்குப் பேர் போனது, வரிசை நிற்கும். ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்று இல்லை, தலைநகர் போர்ட் லூயியில் அலுவலகக்காரர்கள் கூட்டமாக நிற்கிற எந்தத் தெருமுனையிலும் நன்றாகவே இருக்கும். மொச்சைக் குழம்பு சைவம்தான், மாமியார் கவலைப்படாமல் சாப்பிடலாம்.

அடுத்தது காத்தோ பிமாங், அதாவது மிளகாய் வடை. நம் பருப்பு வடைதான், அளவில் சிறியது, வெங்காயத்தாள் போடுவார்கள். அதை அவர்கள் சாப்பிடும் விதம்தான் புதுசு. காலையில் பேக்கரியிலிருந்து வரும் உருண்டை ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ளே நாலைந்து சூடான வடையை வைத்து நசுக்கிச் சாப்பிடுவார்கள். மேலோடு மொறுமொறுவென்று இருக்கும் அந்த பிரெஞ்சுக்கார ரொட்டியும் வெண்ணெயும் வடையும் சேரும்போது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று சாப்பிட்டால்தான் தெரியும். ஒரு நாளாவது ஹோட்டல் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இதற்காக வெளியே போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சில தள்ளுவண்டிகளில் மீன் சமோசாவும் கோழிச் சமோசாவும் வடையும் ஒரே எண்ணெயில் வேகும். மாமியாருக்கு வாங்கும்முன் கேட்டுவிடுங்கள். வெறும் வடை, கத்தரிக்காய் பஜ்ஜி, மாவில் தோய்த்துப் பொரித்த ரொட்டி மட்டும் போடுகிற வண்டிகளும் நிறைய உண்டு.

மற்றபடி முஸ்லிம் கடைகளில் கிடைக்கிற பிரியாணியை உங்கள் கணவர் தவறவிட வேண்டாம். பெரிய செம்புப் பாத்திரத்தில் கறி, அரிசி, உருளைக்கிழங்கு என்று அடுக்கி மூடிவைத்துச் சமைப்பது. உருளைக்கிழங்குதான் அதில் எனக்குப் பிடித்தது. பருப்பும் கறியும் சேர்த்துக் கரைய வேகவைத்த ஹலீமும் அதே கடைகளில் இருக்கும், கெட்டியாக இருக்காது, ரொட்டி தோய்த்துச் சாப்பிடுகிற பதத்தில் இருக்கும்.

கறிவேப்பிலை

தஞ்சாவூரில் பிறந்து மொரிஷியஸில் கத்ர் போர்ன் ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். மேலே அண்ணா தெருச் சாப்பாட்டை அழகாகச் சொல்லிவிட்டார். நான் வீட்டுச் சாப்பாட்டையும் இலைச் சாப்பாட்டையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாமியாருக்கு அதுதான் மனசு நிறைகிற விஷயமாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டார்கள். பிறகு 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். என் கணவர் வீட்டில் யாருக்கும் தமிழ் பேச வராது, கிரியோல்தான் வீட்டு மொழி. ஆனால் ஒரு விசேஷம் என்றால் வாழையிலை போட்டு ஏழு கறி வைத்துத்தான் சாப்பாடு. செத் காரி என்று சொல்வார்கள். சோற்றைச் சுற்றிப் பூசணிக்காய், வாழைக்காய், பலாக்காய், கத்தரிக்காய், உருளை, பருப்பு, கீரை என்று அந்தந்த வீட்டு வழக்கப்படி ஏழு வகை, கூட மாங்காய் ஊறுகாய், அப்பளம், வடை, ரசம், கடைசியில் பாயசம். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அன்று காவடி இறக்கிய பிறகு கோவிலில் வந்தவர் எல்லாருக்கும், எந்த மதமானாலும், இந்தச் சாப்பாடு போடுவார்கள். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் என்று வீட்டுக்கு வீடு இலை போடுவார்கள். நீங்கள் வருவது டிசம்பர் என்பதால் இரண்டும் கிடைக்காது. ஆனாலும் வழி இருக்கிறது. செத் காரி போடுகிற சாப்பாட்டுக் கடைகள் உண்டு, கடைக்குக் கடை நாள் மாறும் என்பதால் முதல் நாளே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிறது, ஊரில் கைலாசோன் என்றால்தான் தெரியும். மாமியாரைக் கண்டிப்பாக அங்கே கூட்டிப் போங்கள், அங்கே வருகிற அம்மாமார்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் எந்தக் கடையில் நல்ல இலைச் சாப்பாடு என்று அவர்களே சொல்வார்கள். இங்கே மக்கள் அப்படித்தான், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்றால் வீட்டுக்கே கூப்பிட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். கூப்பிட்டால் போங்கள்.

இந்த ஊர்க் குழம்பு நம் குழம்பு மாதிரி இருக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மசாலாவை அம்மியில் அரைப்பார்கள், இன்னும் நிறைய வீடுகளில் பின்கட்டில் அம்மி இருக்கிறது. என் மாமியார் மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய், மஞ்சள் எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெண்ணெய் மாதிரி இழைப்பார், அப்புறம் எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி அதில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ஒரு கொத்து தைம் தழையும் சேர்த்துப் போடுவார். இந்த இரண்டு வாசனையும் ஒரே சட்டியிலிருந்து வருவதுதான் மொரிஷியஸ் குழம்பு. தேங்காய்ப்பால் பெரும்பாலும் கிடையாது. தைம் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பழக்கம், கறிவேப்பிலை நம்மவர்கள் கொண்டுவந்தது.

ருகாய் என்பது தக்காளி, வெங்காயம், பூண்டு, தைம் போட்டுக் கொதித்து வற்றிய தொக்கு. சைவத்தில் வெறுமனே செய்வார்கள், அசைவத்தில் கருவாடு போட்டோ சாசேஜ் போட்டோ செய்வார்கள். கருவாட்டு ருகாயும் சுடுசோறும் பருப்பும், பக்கத்தில் பிரேத் என்கிற கீரை, ஒரு துண்டு ஊறுகாய். மழை நாளில் இந்த ஊரில் பாதி வீடுகளில் இதுதான் சாப்பாடு. முருங்கைக்கீரையை ரசம் மாதிரித் தண்ணீராக வேகவைத்துச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். ஹோட்டல் பஃபேயில் ருகாய் என்று பெயர் போட்டு ஒன்று வைத்திருப்பார்கள், அதைச் சாப்பிட்டுவிட்டு ருகாய் சாப்பிட்டாயிற்று என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பலகாரத்தில் பிள்ளைகளுக்கு காத்தோ பதாத் வாங்கிக் கொடுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து, உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து, சோமாசி மாதிரி மடித்துப் பொரிப்பது. புட்டும் முறுக்கும் இங்கே தெருவில் விற்கும், பேரும் ஏறக்குறைய அதேதான். நாப்போலித்தேன் என்று இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சோடு ஒரு பிஸ்கட் இருக்கும், நடுவில் ஜாம். சின்னவனுக்கு அது போதும்.

திருப்பூர்க்காரி

அக்கா, ரொம்ப நன்றி. இலைச் சாப்பாட்டுப் பகுதியை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், கைலாசோன் கோவிலை இப்போதே குறித்து வைத்துக்கொண்டார். அண்ணா, ரொட்டிக்குள் வடை என்றதும் பெரியவள் நாளைக்கே வீட்டில் செய்யச் சொல்கிறாள். கடல் மீன் வகைகள் பற்றியும் குடிப்பதற்கு என்ன என்றும் யாராவது சொல்லுங்களேன். என் கணவர் அந்த ஊர் ரம் பற்றிக் கேட்கிறார்.

நெய்தல்

மீனுக்கு நான். தூத்துக்குடிக்காரன், அதனால் மீன் விஷயத்தில் சுலபமாகத் திருப்திப்பட மாட்டேன், மொரிஷியஸ் என்னைத் திருப்திப்படுத்திய ஊர்.

சாப்பிட்டே ஆக வேண்டியது விந்தாய். கெட்டியான மீனைத் துண்டு போட்டு முதலில் பொரித்து எடுத்துவிட்டு, அரைத்த கடுகு, மஞ்சள், வினிகர், முழுப் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்து எண்ணெயில் புரட்டி ஊறவைப்பது. அன்றைக்கே சாப்பிடுவதைவிட மறுநாள் ருசி அதிகம், கடுகின் காரம் அதற்குள் மீனுக்குள் இறங்கியிருக்கும். ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடலாம், சோற்றோடும் சாப்பிடலாம். போர்த்துக்கீசியர் வினிகரும் பூண்டும் போட்டுக் கறியை ஊறவைக்கும் முறைதான் கோவாவில் விண்டாலூ ஆனது, இங்கே விந்தாய் ஆனது. இதையே கணவாய் இனத்து எட்டுக்கால் பேய்க்கணவாயிலும் செய்வார்கள், அவர்கள் அதை உரீத் என்பார்கள். உரீத் குழம்பும் உரீத் சாலடும் தனிச் சிறப்பு. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இனப்பெருக்கத்துக்காக உரீத் பிடிக்கத் தடை போடுவார்கள், நீங்கள் டிசம்பரில் போவதால் பிரச்சினை இல்லை.

மஹேபூர் பக்கம் போங்கள், திங்கட்கிழமை சந்தை நாள். தென்கிழக்குக் கடற்கரை, வடக்கைவிட ஆரவாரம் குறைவு, மீன் சாப்பிட நல்ல சின்னச் சின்னக் கடைகள். அதே ஊரில் ரோ குடும்பத்தின் மரவள்ளிக் கிழங்கு பிஸ்கட் பட்டறை 1870 முதல் ஓடுகிறது. கிழங்கைத் துருவி, பிழிந்து, காயவைத்து மாவாக்கி, கரும்புத் தோகையை எரித்துச் சூடாக்கிய தகட்டின்மேல் ஒவ்வொரு பிஸ்கட்டாக வார்க்கிறார்கள். சுற்றிப் பார்க்க விடுவார்கள், தேநீரோடு சூடான பிஸ்கட் கொடுப்பார்கள். என்ன ஒன்று, அதில் பெரிய ருசி என்று சொல்ல முடியாது, உலர்ந்து மாவாக இருக்கும். ஆனால் அந்த அனலுக்கு முன்னால் உட்கார்ந்து கை ஓயாமல் பிஸ்கட்டைத் திருப்பிப் போடுகிற பெண்களைப் பார்த்த பிறகு அதை அலட்சியமாகச் சாப்பிட முடியாது.

கடற்கரையில் அன்னாசி விற்பார்கள். விக்டோரியா வகை, சின்னது, தேன் மாதிரி இனிப்பு. காம்பைப் பிடித்துக்கொண்டே சுருள் சுருளாகக் கண்களை வெட்டியெடுத்து, நாலாகப் பிளந்து, மிளகாய் உப்பும் புளிக் கரைசலும் தடவிக் கொடுப்பார்கள். மாங்காய், ஜம்பு எல்லாம் அதே மாதிரி ஊறவைத்துப் பையில் போட்டுத் தருவார்கள். கடலில் குளித்துவிட்டு வந்து உப்புக் கையோடு சாப்பிட வேண்டியது அது.

நேரமும் பணமும் இருந்தால் ரோட்ரிக்ஸ் தீவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கயிற்றில் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்த உரீத், எலுமிச்சையும் சின்ன மிளகாயும் போட்ட ஊறுகாய், பப்பாளியோ தேங்காயோ உள்ளே வைத்த தூர்த் என்கிற மாவுப் பலகாரம், தேன். அந்தத் தீவின் சாப்பாடு மொரிஷியஸ் சாப்பாட்டிலிருந்து தனி. ஒரே வாரம்தான் என்றால் வேண்டாம், ஓட்டமாகிவிடும்.

தேயிலைத் தோட்டம்

குடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வால்பாறையில் வளர்ந்தவள் என்பதால் முதலில் தேநீரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தெற்கே மலைப்பகுதியில் ப்வா ஷெரி தோட்டம், 1892இல் தொடங்கியது. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவார்கள், காலையில் போனால் இயந்திரங்கள் ஓடுவதைப் பார்க்கலாம், பிறகு மேலே ஏரியைப் பார்த்த மாதிரி இருக்கிற விடுதியில் உட்கார்ந்து வகை வகையாகத் தேநீர் ருசி பார்க்கலாம். தீவு முழுக்க வீடுகளில் குடிப்பது வனிலா வாசனைத் தேநீர், பாலும் சர்க்கரையும் சேர்த்து. முதல் வாய் குடிக்கும்போது பாயசம் குடிக்கிறோமோ என்று இருக்கும், பிறகு பழகிவிடும், ஊருக்கு வரும்போது இரண்டு பெட்டி வாங்காமல் வர முடியாது. பக்கத்தில்தான் கங்கா தலாவ், மலை மேல் இருக்கிற சிவன் ஏரி. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், மாமியாருக்கும் சந்தோஷம்.

பிள்ளைகளுக்கு அலூடா. குளிர்ந்த பால், ஊறிய சப்ஜா விதை, துருவிய கடல்பாசி ஜெல்லி, வனிலா அல்லது பாதாம் வாசனை, மேலே ஐஸ்கிரீம். போர்ட் லூயி மத்தியச் சந்தைக்குள் பிள்ளை அலூடா என்று ஒரு கடை இருக்கிறது, தீவில் யாரைக் கேட்டாலும் அங்கேதான் அனுப்புவார்கள். அந்தச் சந்தையில் காய்கறிப் பகுதி ஒரு பக்கம், மூலிகை விற்பவர்கள் ஒரு பக்கம், மதிய வெயிலில் கூட்டத்தில் இடிபட்டுச் சுற்றிவிட்டு வந்து ஒரு டம்ளர் அலூடாவை நின்றபடியே குடித்தால் களைப்பு போன இடம் தெரியாது. கடல்பாசி என்பதால் சைவத்துக்குச் சிக்கல் இல்லை. இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் வாங்கிக் கொடுக்காதீர்கள், வயிறு நிறைந்து பிள்ளைகள் அப்புறம் எதையும் தொட மாட்டார்கள்.

உங்கள் கணவர் கேட்ட ரம். கரும்புத் தீவு, ரம் இல்லாமல் எப்படி. இரண்டு வகை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. ஒன்று சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகிலிருந்து வடிப்பது. இன்னொன்று அப்போதே பிழிந்த கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பது, அதில் பச்சைக் கரும்பு வாசனை நிற்கும். தென்மேற்கே ஷாமரேலில் 2008இல் தொடங்கிய வடிசாலை இரண்டாவது வகைக்குப் பெயர் பெற்றது. சுற்றிக் காட்டிவிட்டு ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஏழு வண்ண மண்மேடும் அங்கேதான், அதனால் பிள்ளைகளோடு போக ஏற்ற நாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் காப்பியும் விளைகிறது. மலைச் சாப்பாட்டுக் கடைகளில் மான்கறிக் குழம்பு கிடைக்கும். டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகி, இன்றைக்கு வளர்த்தே விற்கிறார்கள்.

வீடுகளில் செய்வது ரம் அராஞ்சே. வெள்ளை ரம்மில் அன்னாசி, லிச்சி, ஆரஞ்சுத் தோல், வனிலா என்று எதையாவது போட்டு மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள், ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் கண்ணாடிச் சாடிகளில் வரிசையாக நிற்கும். இனிப்பாக இறங்கும், ஆனால் கடுமையானது. காரை யார் ஓட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மலைச் சாலைகள் வளைந்து வளைந்து போகும், நான் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பீர் என்றால் பீனிக்ஸ், 1963 முதல் அங்கேயே காய்ச்சுகிறார்கள், கடற்கரையில் மீனோடு எல்லார் கையிலும் அதுதான்.

கிராண்ட் பேயில் தங்குவதால் பாம்ப்லமூஸ் தாவரவியல் பூங்கா பக்கம்தான். அதற்கு அருகில் பழைய போ பிளான் சர்க்கரை ஆலையை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் சுத்திகரிக்காத சர்க்கரை வகைகளைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், வெளிர் மஞ்சளிலிருந்து கருப்பு வரைக்கும். கருப்பு வகையில் நம் கரும்பு வெல்லத்தின் ருசி அப்படியே இருக்கிறது. அடிமைகளும் கூலிகளும் எப்படி இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்ற வரலாறும் அங்கேயே இருக்கிறது, பெரியவளுக்கு நிதானமாகக் காட்டுங்கள். இந்தத் தீவில் இத்தனை ஊர்ச் சாப்பாடும் ஒரே தட்டில் வந்து சேர்ந்ததற்குக் காரணமே சர்க்கரைதான்.

சைனாடவுன் ரசிகன்

யாருமே சீனச் சாப்பாட்டைச் சொல்லவில்லையே. மொரிஷியஸ்காரர்களுக்கு அது வெளிநாட்டுச் சாப்பாடு கிடையாது, வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் மின் ஃப்ரீ என்கிற நூடுல்ஸ் கிளறாத குடும்பம் குறைவு. போர்ட் லூயி சைனாடவுனில் மதியம் நுழையுங்கள். புலேத் என்று உருண்டைகளை ஆவியில் வேகவைத்துத் தெளிந்த சூப்பில் போட்டுக் கொடுப்பார்கள், மீன், இறால், கோழி, அப்புறம் சௌசௌ காயைத் துருவிச் செய்தது. நாம் கைகாட்டிக் கேட்கிற உருண்டைகளைக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டு மேலே சூப் ஊற்றுவார்கள். போல் ராங்வெர்சே என்பது கிண்ணத்துக்குள் முதலில் பொரித்த முட்டை, அதன்மேல் வதக்கிய காயும் கறியும் சாறோடு, அதன்மேல் சோறு என்று அழுத்தி, தட்டில் கவிழ்த்து எடுப்பது. கிண்ணத்தைத் தூக்கும்போது முட்டை உச்சியில் உட்கார்ந்திருக்கும், உங்கள் சின்னவன் கைதட்டுவான். மேசையில் பூண்டுத் தண்ணீரும் மிளகாய் விழுதும் தனியாக இருக்கும், அவரவர் விருப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் மாமியாருக்கு இந்தக் கடைகள் வேண்டாம் என்பது என் கருத்து. சௌசௌ உருண்டையில்கூட இறால் கலந்திருப்பது சகஜம், சூப் கோழியோ மீனோ வேகவைத்த தண்ணீர், காய் நூடுல்ஸில் சிப்பிச் சாறு போடுவார்கள். அவர் தால் பூரியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், பிறகு நீங்கள் உள்ளே போங்கள்.

திருப்பூர்க்காரி

இதைத்தான் எதிர்பார்த்தேன், எல்லாருக்கும் நன்றி. டூர்க்காரர் கொடுத்த பட்டியலைக் கிழித்தாயிற்று. இன்னும் இரண்டு கேள்வி: ஞாயிற்றுக்கிழமையும் புத்தாண்டும் அங்கேதான் இருப்போம், கடைகள் திறந்திருக்குமா? ஊருக்குக் கொண்டுவர என்ன வாங்கலாம்?

கறிவேப்பிலை

ஜனவரி 1, 2 இரண்டுமே இங்கே அரசு விடுமுறை. அந்த இரண்டு நாளும் சந்தை, தெருக்கடை எதையும் நம்பாதீர்கள், ஹோட்டலிலேயே சாப்பிடுங்கள், இல்லையென்றால் 31ஆம் தேதி காலையிலேயே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போர்ட் லூயி வெறிச்சென்று இருக்கும், போகாதீர்கள். அதற்குப் பதில் கிழக்கே ஃப்ளாக் சந்தை, புதனும் ஞாயிறும் பெரிய நாள், காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மோன் ஷ்வாசி கடற்கரை, உங்கள் கிராண்ட் பேக்குப் பக்கம்தான். சவுக்கு மரத்தடியில் குடும்பம் குடும்பமாக அடுப்பு, அண்டா எல்லாம் கொண்டுவந்து சமைப்பார்கள், பாட்டும் ஆட்டமும் சாயங்காலம்வரை நடக்கும். வண்டிகளில் ஃபராத்தா (நம் பரோட்டா மாதிரி), மின் ஃப்ரீ, அன்னாசி எல்லாம் கிடைக்கும். ஃபராத்தாவைச் சுடச்சுடக் கல்லிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், ஆறினால் தோல் மாதிரி இழுக்கும்.

டிசம்பரில் லிச்சியும் மாம்பழமும் இருக்கும். லிச்சியை இலையோடு கொத்தாகக் கட்டிச் சாலையோரத்தில் விற்பார்கள், இலை வாடாமல் இருந்தால் அன்றைக்குப் பறித்தது.

கொண்டுவருவதற்கு வனிலாத் தேநீர், மரவள்ளி பிஸ்கட், கருப்புச் சர்க்கரை, அப்புறம் அச்சார். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸை மெல்லியதாக நறுக்கிக் கடுகு, மஞ்சள், வினிகரில் போட்டது, சந்தையில் தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுப்பார்கள். மஸாவாரு என்கிற மிளகாய் விழுதும் வாங்குங்கள், ஆனால் சந்தையில் தளர்வாகக் கட்டிக் கொடுப்பதை விமானத்துக்குப் போடாதீர்கள், எண்ணெய் இறங்கித் துணியெல்லாம் மஞ்சளாகிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் சீல் வைத்த பாட்டில்களில் கிடைக்கும், அதை வாங்கிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.